கழற்றிக் கொடுத்த கையுறை

துணியில் குறை இருந்தால் அவரிடமிருந்து தப்பாது. செக்கிங் மெஷினின் விளக்கு வெளிச்சத்தில் துணி ஓடிக்கொண்டிருக்கும். அவர் பக்கத்தில் நின்று டீ குடித்தபடி யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று சுவிட்சைத் தட்டி மெஷினை நிறுத்துவார். நாங்கள் குனிந்து குனிந்து தேடுவோம், ஒன்றும் தெரியாது. அவர் விரலை வைத்துக் காட்டும் இடத்தில் பாதிக் கடுகளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும்.

கண்ணைவிட அவர் கை கெட்டி. வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை வைத்து ஒரே ஒரு முறை தேய்ப்பார். "சாயப்பட்டறையில சாஃப்ட்னர் கொறைச்சுட்டாங்க, மெதுவே இல்லை. திருப்பி அனுப்புங்க" என்பார். துணியைக் கொண்டுவந்தவர் கெஞ்சுவார், கோபப்படுவார், முதலாளிக்கு போன் போடுவார். இவர் குரலை உயர்த்தாமல் அதையே திரும்பச் சொல்வார். துணி சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பார்க்க லேப் இருந்தது. உடம்பில் பட்டால் இதமாக இருக்குமா, அரிக்குமா என்று சொல்ல அங்கே மெஷின் இல்லை. அதற்கு அவர்தான்.

திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம் இருந்த எங்கள் பனியன் கம்பெனியில் குளிர் நாடுகளுக்குத் தெர்மல் உள்ளாடை தைத்தோம். அவர் துணியின் தரம் பார்க்கிறவர், நான் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிறவர்களோடு மெயிலில் மல்லுக்கட்டுவதும், சாம்பிள் அனுப்பி ஒப்புதல் வாங்குவதும் என் வேலை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது, அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை அம்மிணி என்பார், ஒருமுறைகூட 'வா, போ' என்றதில்லை.

"துணி பேசாதுங்க அம்மிணி. அதுக்கு என்ன கொறைன்னு நாமதான் சொல்லோணும்" என்று ஒருநாள் சொன்னார். அதைச் சொன்ன மனிதர், தன் உடம்புக்கோ மனசுக்கோ ஒரு குறை என்றால் உயிர் போனாலும் வாய் திறக்க மாட்டார்.

ஒரு தடவை இடது கன்னம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருக்க வேலைக்கு வந்தார். கேட்டதற்கு, வாயில் பாக்கு என்றார். மூன்று நாளாக ஒரே பாக்கா என்று செக்கிங் பெண்கள் சிரித்தார்கள். நான்காம் நாள் காய்ச்சலில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தபோதுதான் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்தது தெரிந்தது.

இன்னொரு தடவை இரண்டு நாள் லீவு போட்டார். அவர் லீவு போடுவதே அதிசயம். மூன்றாம் நாள் மொட்டைத் தலையோடு வந்தார். "பழனிக்குங்க. வேண்டுதலு" என்றார். நாங்கள் விபூதி கேட்டோம். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னார். ஒரு மாதம் கழித்து, அவர் ஊரான குன்னத்தூரிலிருந்து வந்த ஒரு தையல்காரர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது, அவருடைய அம்மா இறந்துபோயிருந்தார்.

"ஏண்ணா சொல்லலை?" என்று கேட்டேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"சொல்லியிருந்தா எல்லாரும் வேலையப் போட்டுட்டு வந்திருப்பீங்க. சிப்மென்ட் நேரமுங்க" என்றார். பிறகு, ஏதோ என்னைச் சமாதானப்படுத்துவது போல, "வயசான கட்டைங்க. நல்ல சாவுதான்" என்றார்.

இதை எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அப்படி இருந்தது எங்களுக்கெல்லாம் வசதியாக இருந்தது. எந்த வேலையையும் எந்த நேரத்திலும் அவர் தலையில் கட்டலாம். முடியாது என்று சொல்ல மாட்டார். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் சிரமத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

கொரோனாவுக்கு முந்தைய ஜனவரியில் பின்லாந்து வாடிக்கையாளர் எங்களில் இரண்டு பேரை அங்கே வரச்சொன்னார். பத்து வருஷமாக எங்களிடம் சரக்கு எடுக்கிறவர். "நீங்கள் தைக்கும் துணி என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை வந்து போட்டுப் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். முதலாளிக்கு ஆஸ்துமா. அந்தக் குளிருக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பேசறதுக்கு நீங்க, தொட்டுப் பாக்கறதுக்கு அவரு" என்று எங்கள் இருவரையும் அனுப்பினார்.

அவர் அதுவரை விமானம் ஏறியதில்லை. ஊட்டியைவிடக் குளிரான ஊருக்கும் போனதில்லை. நாங்களே தைத்த தெர்மலில் இரண்டு செட்டும், புதிதாகப் போட்டுப் பார்த்த மெல்லிய பின்னல் கையுறை சாம்பிள் ஒரு ஜோடியும் பெட்டியில் வைத்திருந்தார். "டெஸ்ட் பண்ணிப் பாத்தரலாமுங்க" என்றார்.

மூன்று நாள் அலுவல் முடிந்ததும், நான்காம் நாள் வாடிக்கையாளர் எங்களை வடகோடிக்கு அழைத்துப் போனார். பனி வண்டியில் காட்டுக்குள் போய், உறைந்த ஏரியின்மேல் உட்கார்ந்து மீன் பிடிக்க ஒரு பகல். வழிகாட்டி ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். குட்டை, உறுதியான தோள்கள். எங்கள் தெர்மலுக்கு மேல் விண்வெளிக்குப் போகிறவர்கள் போடுவது மாதிரி ஒரு முழு உடுப்பும், தலையணை போன்ற கனத்த கையுறைகளும், உள்ளே போட மெல்லியவையும் கொடுத்தாள். காலை பத்து மணிக்குத்தான் வெளிச்சம் வந்தது. சூரியன் வரவில்லை, வெளிச்சம் மட்டும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு டிகிரி என்றாள்.

கிளம்பும் முன் எங்கள் மூவரையும் நிறுத்தி ஒன்றே ஒன்று சொன்னாள். நான் அதை அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"விரல் வலிச்சாப் பயமில்லையாம்ணா. வலிச்சுட்டே இருந்து, வலி நின்னுபோச்சுன்னாத்தான் ஆபத்தாம். அந்த நிமிஷமே அவங்ககிட்டச் சொல்லிடணுமாம்."

"சொல்லீட்டாப் போச்சு" என்றார்.

வழிகாட்டி முன்னால் போனாள். அவள் வண்டிக்குப் பின்னால் ஒரு சறுக்குத் தட்டில் விறகும் துளைபோடும் கருவியும் ஒரு மரப்பெட்டியும் கட்டியிருந்தன. அடுத்து வாடிக்கையாளர். கடைசியில் நான் ஓட்ட, அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சக்கரமே இல்லாத ஸ்கூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு சறுக்குப் பட்டை, பின்னால் சுழலும் பெல்ட். முதல் கால் மணி நேரம் "மெல்லமாப் போங்க அம்மிணி, மெல்லமாப் போங்க" என்று என் முதுகில் சொல்லிக்கொண்டே வந்தார். மரமெல்லாம் பனியில் மூடி, காட்டன் மில் கோடவுனில் பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே போவது போலிருந்தது. திறந்த வெளி ஒன்று வந்ததும் நான் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். "இன்னுங் கொஞ்சம்!" என்றார். ஐம்பது வயதுக் குரலில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

ஒரு மேட்டில் படமெடுக்க நின்றோம். வலது கைக் கனத்த கையுறையைக் கழற்றி சீட்டின்மேல் வைத்துவிட்டு நான் போனை எடுத்தேன். இரண்டு படத்தில் போன் அணைந்துவிட்டது. வழிகாட்டி கை காட்டினாள், கிளம்பிவிட்டோம். வண்டியின் கைப்பிடி உள்ளிருந்தே சூடாகும். அதனால் கை குளிரவில்லை, எனக்குத் தெரியவும் இல்லை. அரை மணி நேரம் கழித்து ஏரியில் இறங்கியபோதுதான் பார்த்தேன். என் வலது கையில் உள்ளே போடும் மெல்லிய கையுறை மட்டும்தான் இருந்தது.

"அண்ணா, கிளவுஸ் விழுந்துபோச்சு."

"அந்தப் புள்ளைகிட்டச் சொல்லீரலாங்க."

"வேண்டாங்ணா. அசிங்கமா இருக்கும். கொடுத்த சாமானைக் கூடப் பத்திரமா வெச்சுக்கத் தெரியலைன்னு அவர் நினைப்பார்" என்றேன். அவர் என்றது, அந்தப் பக்கம் நின்றிருந்த வாடிக்கையாளரை.

இவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் வலது கைக் கனத்த கையுறையைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்கு?"

"உள்ள நம்ம கம்பெனி கிளவுஸ் இருக்குதுங்களே. டெஸ்ட் பண்ணுன மாதிரியும் ஆச்சு. போட்டுக்கங்க."

நான் போட்டுக்கொண்டேன். உள்ளே அவர் கையின் சூடு இருந்தது.

வழிகாட்டி ஆள் உயரத் துளைக்கருவியை நட்டு ஏரியில் ஓட்டை போட்டாள். ஒரு முழத்துக்கும் மேல் ஐஸ். அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் மேலே வந்து நின்றது. அவர் மண்டியிட்டு அதை எட்டிப் பார்த்தார். "ஆயுசு பூரா ஓட்டை எங்கிருக்குன்னு தேடித் தேடித் திட்டுனேன். இங்க காசு குடுத்து ஓட்டை போடறாங்க பாருங்க" என்றார். நான் அதை மொழிபெயர்த்ததும் வாடிக்கையாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வழிகாட்டிகூடச் சிரித்தாள்.

கலைமான் தோல் விரித்து ஆளுக்கொரு ஓட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தோம். விளையாட்டுச் சாமான் போல ஒரு முழ நீளத் தூண்டில். அதை மெல்ல மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தமென்று எதுவுமில்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும். அவர் தூண்டில் வளைந்தது. நூலைக் கையால் இழுத்தார். உள்ளங்கை நீளத்தில், உடம்பெல்லாம் கோடும் சிவப்புத் துடுப்புமாக ஒரு மீன் வெளியே வந்து பனியில் துள்ளியது. அவர் அதை வலது கையில் தூக்கிப் பிடித்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். வாடிக்கையாளர் படம் எடுத்தார்.

"சின்னதுங்க. உட்டுரலாமான்னு கேளுங்க" என்றார். வழிகாட்டி தலையாட்டினாள். கொக்கியைக் கழற்றி, மீனை வலது கையில் பிடித்து, மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் இறக்கி விட்டார். அது ஓடிய பிறகும் சிறிது நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி தூரத்திலிருந்து கேட்டாள், விரல்கள் நலமா என்று. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இடது கைக் கட்டைவிரலை.

அதன்பின் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்தோம். நெருப்பு மூட்டி சூப் கொடுத்தார்கள். அவர் வலது கையை மடியில் மறைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டார், ஸ்பூன் ஒருமுறை பனியில் விழுந்தது. "ஸ்பூனு பழக்கமில்லீங்க" என்றார். வழிகாட்டி இரண்டாம் முறை கேட்டாள், அவர் சிரித்துத் தலையாட்டினார். எனக்குக் கை இதமாக இருந்தது. நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து உடுப்புகளைக் கழற்றும்போது வழிகாட்டி கையுறைகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவர் முந்திக்கொண்டார். "மை மிஸ்டேக் மேடம். லாஸ்ட். சாரி" என்றார். அவள் ஏரியிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே மாற்றுக் கையுறைகள், ஆறு ஜோடியாவது இருக்கும். பகல் முழுக்க எங்களோடேயே இருந்த பெட்டி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனே என்றாள். பிறகு அவர் கையைக் காட்டச் சொன்னாள். அவர் இடது கையைக் காட்டினார். மற்றது என்றாள். அதற்குள் வாடிக்கையாளர் எல்லோரையும் படமெடுக்க வாசலுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

ஊர் திரும்பும் விமானத்தில்தான் நான் அந்தக் கையைப் பார்த்தேன். தூங்கும்போது போர்வை விலகியிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கட்டைவிரலும் வீங்கி, நுனியில் திராட்சை போலக் கொப்புளங்கள். நான் எழுப்பிவிட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி. லேசா மரத்துப்போச்சு. சரியாப் போயிரும்."

"என்னாலதானேண்ணா."

"அட, அதெல்லாமில்லீங்க. மொதலாளிகிட்ட ஒண்ணுஞ் சொல்லிப்போடாதீங்க. அனுப்பிச்ச மனுசன் சங்கடப்படுவாரு."

சொல்ல மாட்டேன் என்றேன். அவருக்காக ஒப்புக்கொண்டதாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

திருப்பூரில் டாக்டர் அந்தக் கையைப் பார்த்து, எதில் சுட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டாராம். குளிரும் சுடும் என்பது நம் ஊர் டாக்டருக்குப் பழக்கமில்லை. அந்தக் கேள்வியையே இவர் பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டார். ஓட்டலில் சட்டை தேய்க்கும்போது அயர்ன்பாக்ஸில் சுட்டுக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொன்னார். கம்பெனியில் தேய்ப்பு டேபிளில் கை சுட்டுக்கொள்ளாத ஆளே இல்லை, அதனால் யாரும் மேலே கேட்கவில்லை. விரல்நுனித் தோல் கறுத்து, உரிந்து, இரண்டு மாதத்தில் புதுத் தோல் வந்தது. பளபளவென்று, ரேகையில்லாமல்.

அதில் உணர்ச்சி வரவில்லை.

எனக்கு அது தெரியும். முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. துணியை இடது கையால் தொட ஆரம்பித்தார். யாராவது பார்த்தால் வலது கைக்கு மாற்றிக்கொண்டு பேருக்குத் தேய்த்தார். ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் துணி ரூமுக்குப் போனேன். எல்லோரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். அவர் ஒரு ரோலின் முனையைக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதட்டில் வைத்துப் பார்த்தார். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த ஆகஸ்டில், ஊரடங்கெல்லாம் தளர்ந்து கம்பெனிகள் மூச்சுவிட ஆரம்பித்த நேரம், குழந்தைகளுக்கான தெர்மல் ஒரு கண்டெய்னர் போயிற்று. அக்டோபரில் மெயில் வந்தது. உட்புறம் சொரசொரப்பாக இருக்கிறது, குழந்தைகளுக்கு அரிப்பு வருகிறது, சரக்கு முழுவதையும் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கிறோம் என்று. சாயப்பட்டறையில் சில ரோல்களுக்குச் சாஃப்ட்னர் விடுபட்டிருந்தது. ஒப்புதல் அட்டையில் அவர் கையெழுத்து இருந்தது.

முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் சத்தம் போடும் ஆளில்லை. திரும்பி வந்த ஒரு சின்ன பனியனை மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க, இது உங்க கையெழுத்துத்தானுங்களே?"

"ஆமாங்க."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

"கண்ணு தெரியாதவங்க தொட்டாக்கூடத் தெரியுமேங்க இது. நீங்க எப்படி உட்டீங்க?"

அவர் அந்தப் பனியனைக் கையில் எடுக்கவே இல்லை. "கவனக் கொறவுங்க. என்ற தப்புத்தான்" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். சொல்வதற்கு நாலைந்து வாக்கியம்தான் வேண்டியிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. வாடிக்கையாளரோடு இருந்த நல்ல பெயரும் என்னுடையது. நான் மேஜைமேல் இருந்த பனியனின் சின்னக் கழுத்துப்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளையில இருந்து வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று அவரே சொன்னார். முதலாளி வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடம். மறுநாள் காலையில் வந்து டிபன் கேரியரையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு, செக்கிங் பெண்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுப் போனார். என்னிடமும் சொன்னார்.

பிறகு அவரை ஒரே ஒருமுறை பார்த்தேன். காதர்பேட்டையில், மிச்சச் சரக்குப் பனியன்களைக் குவித்துப் போட்டு விற்கும் ஒரு கடையின் வாசலில். ஆள் இளைத்திருந்தார். குன்னத்தூரில் மாட்டுத் தீவனக் கடையில் எடை போடுவதாகச் சொன்னார். "உக்காந்த வேலைங்க. நல்லாத்தான் இருக்குது." நான் வேறு கம்பெனிக்கு மேனேஜராகப் போய்விட்டதைக் கேட்டு அவர் முகம் நிஜமாகவே மலர்ந்தது. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது.

"அண்ணா, அன்னிக்கு முதலாளி ரூமுல நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த மீனு ஞாபகம் இருக்குதுங்களா அம்மிணி?" என்றார் குறுக்கே. "உட்டதும் சித்த நேரம் அங்கயே நின்னுதுங்க. அப்பறந்தேன் போச்சு. நான் அதையே அடிக்கடி நெனச்சுக்குவேன். அப்பேர்ப்பட்ட எடத்தையெல்லாம் நாமளும் பாத்துட்டமல்லொ." பஸ் வந்துவிட்டது என்று போய்விட்டார். அப்போது பஸ் எதுவும் வரவில்லை. அவர் தெரு முனையைத் தாண்டி நடந்தே போவதைப் பார்த்தேன்.

போன சித்திரையில் பழைய செக்கிங் பெண் ஒருத்தி போன் செய்தாள். மாரடைப்பு. இரண்டு நாளாக நெஞ்சை நீவிக்கொண்டே கடைக்குப் போனாராம். கேட்டவர்களிடமெல்லாம் வாயு என்றாராம். அன்றைக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூருக்குப் போனேன்.

அவர் மனைவியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒல்லியான, தெளிவாகப் பேசுகிற அம்மா. நான் யாரென்று சொன்னதும், "நீங்கதானுங்களா அது! உங்களப் பத்திச் சொல்லீட்டே இருப்பாரு. வாங்க சாமி, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவரில் மாலை போட்ட படத்துக்குக் கீழே, வாடிக்கையாளர் எடுத்த அந்த ஏரிப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"எப்படிச் சிரிக்கறாரு பாருங்க. எங்க கல்யாணத்துலகூட மனுசன் இப்படிச் சிரிக்கலீங்க" என்றார்.

நான் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இடது கையில் தலையணை போலக் கனத்த கையுறை. மீனைப் பிடித்திருந்த வலது கையில், நனைந்து ஒட்டிக்கொண்ட வெறும் பின்னல். அத்தனை வருஷமும் அந்த வீட்டில் வந்து போனவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள்.

"அந்த ஊரு ஓட்டல்லதானுங்க அயர்ன்பாக்ஸ்ல சுட்டுக்கிட்டாரு" என்றார் அவர் எனக்குப் பின்னாலிருந்து. "அதுக்கப்பறம் அது செத்த கையிங்க. சட்டைக்குப் பித்தான் நாந்தேன் போட்டு உடுவேன். யாருகிட்டயும் சொல்லாதேம்பாரு."

உண்மையை மனைவியிடமும் சொல்லவில்லை.

நான் திரும்பி அவர் எதிரில் உட்கார்ந்தேன். கையுறை விழுந்ததிலிருந்து ஆரம்பித்தேன். வழிகாட்டியிடம் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்தான் என்பதைச் சொன்னேன். மரப்பெட்டியைச் சொன்னேன். கன்னத்தில் துணியை வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். முதலாளி அறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். சமையல்கட்டில் பால் பொங்கி வழியும் வாசம் வந்தது. அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

"அவருதான் சொல்ல மாட்டாரு. அது அவரு பொறவி" என்றார் கடைசியில். "நீங்க சொல்லியிருக்கலாமில்லீங்க?"

சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"எனக்கு ஒரு பொம்பளப் புள்ளைங்க. அப்ப நர்சிங் ரெண்டாம் வருசம் படிச்சிட்டிருந்தா. இவருக்கு வேலை போச்சு, படிப்பு நின்னுபோச்சு. இப்ப ஈரோட்டுல ஜவுளிக்கடைல நிக்கறா. வேலையக் கவனமாப் பாத்திருந்தா எனக்கு இந்தக் கதி வருமான்னு மூணு வருசம் அப்பன் மொகத்தப் பாத்துப் பேசலீங்க. தீவாளிக்கு வருவா, சாப்புடுவா, போயிருவா. இவரும் ஒரு வார்த்தை சொல்லலை. அவர எடுக்கறன்னிக்கும் வந்து ஓரமா நின்னா. அப்பறம் எங்கிட்டச் சொல்றா, 'எங்கப்பா எதையும் கவனிக்கவே மாட்டாரும்மா'ன்னு."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து போனை எடுத்து, கண்ணைச் சுருக்கி எண்ணைத் தேடி அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது. போனை என்னிடம் நீட்டினார்.

"என்கிட்டச் சொன்னதை அப்படியே அவகிட்டச் சொல்லுங்க. ஒண்ணும் உட்டுப்போடாதீங்க."

நான் வாங்கிக் காதில் வைத்தேன். பின்னால் கடையின் இரைச்சல், யாரோ சேலை விலை கேட்கும் சத்தம். அதற்கு நடுவே ஒரு பெண் குரல், அவசரமாக, "சொல்லும்மா" என்றது.

"நான் அம்மா இல்லை கண்ணு" என்றேன். "உங்கப்பாவோட வேலை பார்த்தவ. உங்கப்பா கையைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."